பதினான்காம் வெப்பமானி

பகலில் ஓட்ட முடியாது.
அக்னி நட்சத்திரத்தில் ப்ளோயர் இழுக்கும் காற்றே
நாற்பத்திரண்டு டிகிரி.
அதைக் குளிர்காற்று என்று ஏட்டில் எழுதக்
கை கூசும்.

அதனால் இரவு மூன்று மணி.
காட்பாடி ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில்
மூச்சு வாங்கிவிட்டுப் போகிறது.
ஹீட்டர், கம்பிவலை, பிறகு தகடு:
அரை மில்லிமீட்டரில் பதினேழு துளை.
அவற்றின் வழி வரும் காற்று
கொதிக்கும் உலோகத்தின்மேல்
தோலாகப் படரவேண்டும்.
அவ்வளவுதான். ஒரு தோல்.

ஆறு வாரமாகப் படரவில்லை.
பதினான்காம் வெப்பமானி
கடன்காரன்போல் ஒரே எண்ணைச் சொல்லிற்று.
சமன்பாட்டைச் சந்தேகித்தேன்,
மென்பொருளை, என்னையும்.

முஸம்மில் எதையும் சந்தேகிக்கவில்லை.
சோப்புத் தண்ணீரில் தூரிகை தோய்த்து
விளிம்பெங்கும் தடவிக்கொண்டே வந்தான்.
எட்டாவது போல்ட்டருகே
ஒரு குமிழி.
உப்பி, வெடித்து, மறுபடி உப்பி.

ரப்பர் வளையம் வெயிலில் பிளந்திருந்தது.
கடை திறக்க விடியவேண்டும்.
பேரணாம்பட்டு டேனரியில் மாமன் கொடுத்த
ஆட்டுத்தோல் துண்டு அவன் பையில் இருந்தது.
வெட்டினான். மெழுகு தடவினான்.
"குளிர்ப் பக்கம்தானே மேடம், தாங்கும்."

திரையில் மஞ்சளுக்குள்
பதினேழு நீல நாக்குகள்
நீண்டு, தொட்டு, ஒன்றாயின.
பதினான்கு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

நாலு நிமிடம்.
அப்புறம் கரண்ட் போயிற்று.

இருட்டில் தகடு டிக் டிக்கென்று ஆறியது.
செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
கசிவு அடைபட்டது. பொருள்: ஆட்டுத்தோல்.
கட்டுரையைத் திருத்துகிறவர்கள் கேட்பார்கள்.
கேட்கட்டும்.