மூன்றாவது கூடை

ஆய்கா நகரச் சந்தையில், மீன்கடைக்கும்
முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்கும் நடுவே
எனக்கொரு மேசை, ஒரு கத்தி, ஒரு முத்திரை.
காட்டில் பறித்த காளானை அடுப்பேற்றுமுன்
என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள்.
காசு கிடையாது. கேள்வியும் ஒன்றுதான்:
தின்னலாமா?

இருபத்தாறு வருடம்.
தண்டைக் கீறி, அடியை முகர்ந்து,
இது சட்டிக்கு, இது குப்பைக்கு என்று பிரித்திருக்கிறேன்.
எதுவென்று தெரியாதது மூன்றாவது கூடைக்கு.
அதை மட்டும் யார் கெஞ்சினாலும் திருப்பித் தருவதில்லை.
"பால்போல இருக்கிறதே, ஹயனால்கா" என்பார்கள்.
பால்போல இருப்பதில் ஒன்று ஈரலைத் தின்னும்.

என் வீட்டிலேயே ஒன்று வெள்ளையாக முளைத்திருந்தது.
நான் பார்க்கவில்லை.

வென்டெல் கண்ணாடி ஊதுகிறவன்.
குழாய் எப்போதும் உதட்டின் வலது ஓரத்தில்.
உலைக்கு வெளியே வந்தால்
அதே ஓரத்தில் சிகரெட்.
வாய்க்கோணத்துக்குச் சற்று உள்ளே, கன்னச் சதையில்
ஒரு திட்டு. இடப்பக்கம் இன்னொன்று, சின்னது.
ரொட்டி மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தானாம்,
எட்டு மாதமாக.

பல் டாக்டர் ஓர்ஷோயா பஞ்சால் துடைத்தாள்.
போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.
"துடைத்தால் போவது கைக்குழந்தைக்கு வருவது.
போகாததுதான் எனக்குப் பிடிக்காது."

துணுக்கு வெட்டி, சாயமேற்றி,
கண்ணாடித் தகட்டில் வைத்தார்கள்
(கண்ணாடி மட்டமானது என்றான் வென்டெல்).
நுண்ணோக்கி எனக்குப் புதிதல்ல. கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
இழைகள். கருஞ்சிவப்பு நூல்கள்,
தோலின் மேலடுக்கில் செங்குத்தாக இறங்கியிருந்தன.
சொல்ல வெட்கம், எனக்கு ஒரு கணம் சந்தோஷம்.
அட, பூஞ்சைதானே! நம்ம ஆட்கள்!

டாக்டர் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள்.
"இழைக்குக் கீழே பாருங்கள்."
கீழே செல்கள் வரிசை கலைந்து நின்றன,
மணி அடித்தும் வகுப்புக்குள் போகாத பிள்ளைகள் மாதிரி.

காட்டில் ஒரு மரம் பட்டுப்போய் நிற்கும்.
அடியில் கொத்துக் கொத்தாகக் காளான்.
சில காளான் மரத்தைக் கொல்லும்.
சில, செத்த மரத்துக்குச் சாப்பிட வரும்.
ஒரே அடிமரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.
அதனால் கேட்டேன்:
இது வந்ததால் கலைந்ததா,
கலைந்த இடம் பார்த்து இது குடிவந்ததா?

"இரண்டையும் சொல்கிறார்கள்" என்றாள்.
"சாராயத்தை அது நஞ்சாக மாற்றும் என்பதும் உண்டு.
பூஞ்சை இருக்கும் வெள்ளைத் திட்டை
இல்லாததைவிட அதிகம் சந்தேகப்படுவோம்.
அதற்குமேல் எனக்குத் தெரியாது."
தெரியாது என்று சொன்னதால்
அவளை நம்பினேன்.

மூன்று வாரம் மாத்திரை.
பிளம் சாராயப் புட்டியைத் தங்கையிடம் கொடுத்தான்.
சிகரெட்டை நிறுத்தியதற்கு என்னோடு நான்கு நாள் பேசவில்லை,
நானா பற்றவைத்தேன்?
இடது கன்னம் சிவந்து, பழைய கன்னமாயிற்று.
வலது திட்டு மெலிந்தது. போகவில்லை.

வெட்டி எடுத்தார்கள்.
எங்கள் பேச்சில் அந்த நோய்க்கு நண்டு என்று பெயர்.
நண்டு என்று யாரும் சொல்லவில்லை.
தாளில் இருந்தது: "தற்போது புற்று இல்லை."
நான் முதல் சொல்லையே படித்துக்கொண்டிருந்தேன்.
காளானைப் பிடுங்கும்போது சில சமயம்
காலடி மண் முழுக்க எறும்புப் புற்றாக இருக்கும்,
மேலே ஒரு எறும்பும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர்.
நடுவில் ஞாயிறுதோறும் நான்.
ஜன்னலோரம் உட்காரவைத்து, கைவிளக்கு அடிக்கிறேன்.
ஆ என்கிறான்.
கன்னத்தை விரலால் இழுத்துப் பார்க்கிறேன்,
பழக்கத்தில் முகர்ந்தும் பார்க்கிறேன்.
புகை இல்லை. பிளம் இல்லை. கொஞ்சம் காபி.

"என்ன, தின்னலாமா?" என்கிறான்,
தையல் போட்ட ஓரம் கோணலாக இழுக்க.
வாயை மூடு, வெளிச்சம் போகிறது என்கிறேன்.
இல்லை, மூடாதே.
இன்னொரு தடவை காட்டு.