அறுபத்தாறு கட்டங்கள்

படிவத்தில் அறுபத்தாறு எழுத்துக்கு இடம்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடுகிற வெற்றிடமும்
ஓர் எழுத்தாம்.
ஒன்றும் சொல்லாத இடத்தையும்
எண்ணுகிறார்கள், ஜேபஸ்.

மூண்டாவில் மழை இல்லை.
செம்புச் சுரங்கத்தின் புகைபோக்கி
இந்த வாரம் இரண்டு நாள்தான் புகைந்தது.
உன் அப்பா அடுப்படி நாற்காலியில்
வேதாகமத்தைப் புரட்டுகிறார், இருமுகிறார்,
மறுபடி புரட்டுகிறார்.
கல்லறைக்கு ஒரு வசனம் போதும் என்கிறார்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
வசனம் எழுபத்தொன்று.

சுரங்கக்காரன் என்றதும்
வயதை அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை.
கையைப் புரட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள்.
ஆனால் உன் கை அல்ல அவர்களுக்குப் பயன்பட்டது.
பெல்ஜியத்தின் நீலக் களிமண்ணுக்குள், தொண்ணூறு அடிக்குக் கீழே,
பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு
டாக்டர் குழாய் மாதிரி ஒன்றைக் காதில் மாட்டி
ஆறு மணி நேரம்
மூச்சைப் பாதிப் பாதியாக விடுவது உன் வேலை.
சுவர்க் கடிகாரம் துடித்தால் தூக்கம் வராது என்று
அதைத் துண்டில் சுற்றி மாவுப் பெட்டிக்குள் வைத்தவன் நீ.
அந்தக் காதுக்கு
நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்.

இங்கே சுரங்கத்துக்குள் தட்டும் சத்தம் கேட்டால்
குட்டிப் பேய்கள் என்பீர்கள்.
தின்னும் பேஸ்ட்ரியின் ஓரத்தைக் கிள்ளி
அவற்றுக்குப் போட்டுவிட்டு ஏறி வருவீர்கள்.
அங்கேயும் தட்டியது.
பேயில்லை என்று எழுதினாய்.
எதிர்ப்பக்கத்தில் ஒருவன், பழைய சுரங்கக்காரன்,
இரண்டு கொத்து, ஓர் இளைப்பு,
இருமினால் அப்பாவேதான்.
அதற்கு மேல் நான்கு வரி
தணிக்கைக்காரனின் கறுப்பு மை.

அடுத்த கடிதத்தில் அந்த இருமலைக் காணோம்.
பனி கொட்டுகிறது,
காலுறை வந்து சேர்ந்தது, புகையிலை அனுப்பு.
நானும் விசாரிக்கவில்லை.
தூரம் இவ்வளவு, திசை இது என்று
நீ சொல்லியிருப்பாய்.
யாரோ கம்பியை இணைத்திருப்பார்கள்.
பிறகு களிமண் முழுக்க அமைதி.

அமைதியைத்தான் நம்பக் கூடாது என்று
கல்யாணமான முதல் வாரம் எனக்குச் சொன்னாய்.
கொத்து நின்றுபோனால்
வெடி வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை
உன் பக்கமும் நின்றுபோனது.
போதகர் தந்தியோடு வேலிக் கதவருகே நின்றார்.
தொப்பியைக் கழற்றினார். என்ன நினைத்தாரோ,
மறுபடி போட்டுக்கொண்டார்.
நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.
வாயில் இரண்டு மரக் கவ்விகள்.
அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான்
அவற்றை எடுத்தேன்.

உன்னைத் தோண்டி எடுக்க மூன்று நாள் ஆனதாம்.
முகத்தில் காயமில்லை என்று சார்ஜண்ட் எழுதியிருந்தார்.
எல்லா விதவைக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்கிறாள்
உன் தங்கை லவ்டே.
எழுதட்டும்.
காதைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை.

வசனத்தை நான் எழுதவில்லை.
*சத்தம் போடாதீர்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்*
என்று கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்பினேன்.
இடம் மிச்சம் இருந்தது.

ஆறு வாரம் கழித்து மெல்பர்னிலிருந்து பதில்.
மிக மரியாதையான கடிதம்.
அம்மையார் காலத்தைத் தவறாகக் குறித்திருக்கலாம்,
'கேட்டுக்கொண்டிருந்தான்' என்று
நாங்களே திருத்திக்கொள்ளலாமா?

பிழை இல்லை.
உள்ளபடியே வெட்டுங்கள்.
இப்படிக்கு, திர்சா பெங்கெல்லி.

உறையை ஒட்டுவதற்குள் உன் அப்பா கை நீட்டினார்.
வாசித்தார்.
முதல் கடிதத்தை நான் அவருக்குக் காட்டியிருக்கவில்லை.
நெஞ்சிலிருந்து இருமல் ஏறி வந்தது.
கைக்குட்டையை வாயில் திணித்து
தோள் இரண்டும் குலுங்க
அது அடங்கும்வரை
சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.