அடியில்லாக் கிண்ணம்

கையேடு ஏழு மொழியில் இருந்தது.
என் மொழியில் இல்லை.
படம் பார்த்துப் படம் பார்த்து
லேத்தின் கால் நான்கையும் முடுக்கினேன்.
ஐந்து திருகாணி மிச்சம்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

நான் பேருந்து ஓட்டுகிறவள்.
ஹீயுமா தீவின் விளிம்போடு
கார்ட்லாவில் கிளம்பிக் கார்ட்லாவுக்கே,
பத்தொன்பது ஆண்டு.
நிற்கிற மரங்களை நான் சுற்றி வந்தேன்.
இனி மரம் சுற்றட்டும்,
நான் நிற்கிறேன்.

அந்த மரத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும்.
நவம்பரில், முதல் உறைபனியன்று,
எம்மாஸ்தே நிறுத்தத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்.
கண்ணாடியில் ஒன்றும் இல்லை.
சத்தத்தில் இருந்தது ஓர் ஆப்பிள் மரம்.
டயர் கடை ஊர்மாஸின் மரம்.
என் கம்பெனி கடிதம் தந்தது எனக்கு.
காப்பீட்டுக்காரன் தொகை தந்தான் அவனுக்கு.
ஊர்மாஸ் ஒன்றும் தரவில்லை,
ஒரு வசவுகூட.
அடிமரத்தை விறகாக்கும் முன் கேட்டுப் போனேன்.
எடுத்துப் போ என்றது அவன் முதுகு.

முதல் நாள்
பாதி உருளையை முகத்தட்டில் முடுக்கிப்
பொத்தானை அழுத்தினேன்.
லேத் நடந்தது.
உண்மையாகவே நடந்தது,
கொட்டகைக் கதவை நோக்கி,
சாப்பாடு பிடிக்காமல் கிளம்பிய விருந்தாளி மாதிரி.
மணல் மூட்டை மூன்றை ஏற்றி உட்காரவைத்தேன்.
வேகத்தைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.

உளியை நீட்டினேன்.
நீட்டியதுதான் தெரியும்.
டக்கென்று கவ்வி
முழங்கைவரை உதறியது மரம்.
முகக்கவசத்தில் ஒரு கீறல்,
வலது கண்ணுக்கு நேரே.
ஆப்பிள் மரத்துக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது,
பயன்படுத்திக்கொண்டது.

முதலில் கூர் அல்ல.
உளியின் சரிவு மரத்தில் சாய்ந்து
சும்மா உரச வேண்டும், எதையும் வெட்டாமல்.
பிறகு கைப்பிடியை எள்ளளவு தூக்கினால்
சீவல் பிறக்கும்.
இதைக் கண்டுபிடிக்கப் பதினொரு இரவு.
யாராவது சொல்லியிருந்தாலும்
பதினொரு இரவு ஆகியிருக்கும்.

பன்னிரண்டாம் இரவு
ஈரச் சீவல் நாடா நாடாவாகத் தோளுக்கு மேல் பறந்தது.
புளித்த ஆப்பிள் வாசம்.
தேநீரில் சீவல், காலுறையில் சீவல்.
காலையில் பள்ளிக்கூடப் பையன் கிரேகோர்
என் காலரிலிருந்து ஒரு சுருளை எடுத்து
மீசையாக ஒட்டிக்கொண்டு
கட்டணம் கேட்டான் எல்லோரிடமும்.

கிண்ணத்தின் வெளிப்புறம் வந்துவிட்டது.
உள்ளே குடையும்போதுதான் ஆசை பிடித்தது.
இன்னும் ஓர் இழை.
இன்னும் ஓர் இழை.
ஓசை மெலிந்தது, மரம் வாய்விட்டே சொன்னது,
எனக்குக் கேட்கவில்லை,
வானொலியில் வானிலை போய்க்கொண்டிருந்தது.
அடியில் ஒரு புள்ளி வெளிச்சம்.
பிறகு ஒரு நாணயம் அளவு.
பிறகு அடி என்று ஒன்று இல்லை.
கடைந்தெடுத்த முட்டாள் என்று
என்னை நானே வைதேன்.
வைத பிறகுதான் உறைத்தது
அந்தச் சொல் எவ்வளவு துல்லியம் என்று.

அதையே கொண்டுபோனேன்.
வேறென்ன இருக்கிறது கொண்டுபோக.

ஊர்மாஸ் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான்.
துளையில் கண்ணை வைத்து
அதன் வழியாக என்னைப் பார்த்தான்.
‘அடி இல்லையே.’
மூன்று மாதத்தில் முதல் பேச்சு.
‘அடி நவம்பரிலேயே விழுந்துவிட்டது’ என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
சுவரில் ஆணிக்கு அதை மாட்டி
காற்றடிக்கும் குழாயை அதற்குள் செருகித் தொங்கவிட்டான்.
பொருந்தியது.
அடுத்த வண்டிக்கு ஜாக்கி போடப் போய்விட்டான்.

மிச்ச அடிமரம் கொட்டகையில் கிடக்கிறது.
வெடிக்காமல் இருக்க
முனைகளில் மெழுகு பூசினேன்.
ஒரு முனைக்குப் பிந்திவிட்டேன்.
மயிரிழை விரிசல் ஒன்று
நடுவை நோக்கிக் கிளம்பிவிட்டது.
இன்று ராத்திரியே தொடங்க வேண்டும்.
வானொலி வேண்டாம்.