கோப்பைக் கணக்கு

பபிண்டாவில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.

நான் கணக்கர். கெய்ர்ன்ஸில் பழக்கடைக்காரர் மூவருக்கு
வரிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள்.
வேலை போன மாதம் ஒரு விளம்பரம்:
எண்ணத் தெரிந்தவர் தேவை.
எதை என்று போடவில்லை.

வண்டுகளை.

நூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு வரிசை,
வரிசைக்குப் பத்துக் கோப்பை.
மண்ணோடு விளிம்பு சமமாகப் புதைத்து
இரண்டு விரல் கிளைகோல் ஊற்றி
மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குடையாக நிறுத்தி
பதினான்கு நாள் மறந்துவிட வேண்டும்.
நடப்பது விழும். பறப்பதும் சிலநேரம் விழும்.
அட்டை விழாது.
அது என் கணுக்காலுக்கு வரும்.

ஈவன் பெத்தரிக்குக்கு இருபத்தொன்பது வயது.
வண்டின் காலில் உள்ள மயிரைப் பார்த்தே குலம் சொல்வான்.
கூட்டல் இருபதைத் தாண்டினால்
கைபேசியைத் தேடுவான்.

கரும்புத் தோட்ட ஓரம், முதல் வரிசை: பதினொரு வகை.
அதில் மூன்று, ஆப்பிரிக்காவிலிருந்து
மாட்டுச் சாணம் அள்ள வந்தவை.
விசா கேட்டார்களா என்றேன்.
அரசாங்கமே டிக்கெட் போட்டது என்றான்,
சிரிக்காமல்.

ஏற ஏறக் குறையும் என்று நினைத்திருந்தேன்.
எழுநூறு மீட்டரில் அறுபத்திரண்டு!
பச்சை, செம்பு, எண்ணெய் பட்ட தண்ணீரின் நிறம்,
கொம்புள்ளது, கொம்பு வரைந்து அழித்ததுபோல் ஒன்று.
மலைக்கு நடுவயிறுதான் பெருத்திருக்கிறது.
கீழவையும் மேலவையும் சந்திக்கும் இடம் என்றான் ஒருநாள்.
மேகம் தொடங்கும் இடம் என்றான் மறுநாள்.
கணக்கு ஒன்று, காரணம் ஏழு.
தணிக்கைக்காரரிடம் இப்படிப் பேசியிருந்தால்
நான் உள்ளே இருந்திருப்பேன்.

மலையும் மலை சார்ந்த இடமும் என்று
பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன்.
எத்தனையாவது மீட்டரில் மலை தொடங்குகிறது என்று
கேட்கத் தோன்றியதில்லை.

ஆயிரத்து ஐந்நூறு.
பாசி, பாறை, பக்கத்திலிருப்பவர் தெரியாத வெண்மை.
பத்துக் கோப்பையையும் வடிகட்டினால் நான்கே வகை.
நான்காவது, மிளகைவிடச் சிறிது. கருப்பு.
உருப்பெருக்கியில் பார்த்தேன்:
முதுகின் இரண்டு ஓடுகளும் ஒட்டிப்போய்
நடுவில் தையல்போல் ஒரு கோடு மட்டும்.
திறக்காது. திறந்தாலும் உள்ளே சிறகில்லை.

பழைய பாட்டு வண்டெல்லாம் ஊதும்,
தாது உண்ணும், கூந்தல்வரை வந்து மொய்க்கும்.
இது ஊதாது. இதற்குப் பூ தேவையில்லை.
ஈர இலைக்கடியில் இரவில் நடக்கும்,
அவ்வளவுதான்.

சிறகை எப்போது விட்டது?
தேதி போடாத செலவு, என்றான் ஈவன்.
என் பாஷை ஒட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு.

முப்பது வருடத்துக்கு முந்தைய தாள் ஒன்றை எடுத்துவந்தான்.
அப்போது இந்த மிளகு
ஆயிரத்து நூறிலேயே விழுந்திருக்கிறது.
இப்போது ஆயிரத்து நானூறுக்குக் கீழே
ஒன்றுகூட இல்லை.
முன்னூறு மீட்டர் ஏறிவிட்டதா, இந்தக் காலை வைத்துக்கொண்டு?
ஏறவில்லை, என்றான்.
கீழே இருந்தவை இல்லாமல் போயின.
தாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

உச்சி ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்று.
கழித்துப் பார்த்தேன். பழக்கம்.
மீதி இருநூற்றுப் பதினொன்று.
அதற்கு மேல் இருப்பது மழை.

கடைசிக் கோப்பையை எடுக்கப்போன அன்று
உள்ளே சருகும் ஒரு மண்புழுவும்.
ஆனால் குடைத்தட்டின்மேல்
உயிரோடு ஒன்று நடந்துகொண்டிருந்தது.
விளிம்புக்கு வந்தது. நின்றது.
திரும்பி, வந்த வழியே போனது.
கோப்பையில் விழாதது கணக்கில் சேராது.
விதி அது. நானே பத்துமுறை அவனுக்குச் சொன்னது.

பூஜ்யம் என்று எழுதினேன்.
எழுதிவிட்டு, கூட்டலுக்கு வெளியே,
தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

மாலையில் தாளைத் தூக்கிப் பிடித்து
ஈவன் கேட்டான்:
சுகிர்தா, இது மழை பட்டதா?