பன்னிரண்டாவது மொழி

வியாழன் இரவு ஏழரை.
வூப்பெர்ட்டாலின் ஃபோவிங்கல் பக்கம்
தொங்கு ரயில் தண்டவாளத்துக்கு நேர் கீழே,
பூட்டிப்போன சைக்கிள் கடையில் எங்கள் சங்கம்.
ஆறு பேர், நான்கு மடிக்கணினி,
அன்னெக்ரெட் கொண்டுவரும்
எப்போதும் ஆறிப்போன கோப்பி.

வேலை இதுதான்:
பிறர் துப்பியதைத் துடைக்குமுன்
படம்பிடித்து, தேதியிட்டு, இலக்கமிட்டு அடுக்கிவைப்பது.
துடைத்துவிட்டால் சாட்சியில்லை என்பாள்
சட்டத்தரணி மெர்வே.

துருக்கியம் அவளுக்கு. ரஷ்யம் லுத்மிலாவுக்கு.
தமிழ் எனக்கு.
ஒன்றரை வருடமாக என் கோப்பு காலி.
வெளியே சொல்லவில்லை, ஆனாலும்
மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிமிர்ந்தே
கோப்பி குடித்தேன்.

இன்று வந்தது, நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
ல, ள, ழ பிசகாத நல்ல தமிழ்.
மேல்மாடிக்குக் குடிவந்த ரோமா குடும்பத்தைப் பற்றி,
அந்தப் பிள்ளைகளின் உடுப்பைப் பற்றி,
பிறகு, கொளுத்துவது பற்றி.
கீழே எழுபது சிரிப்பு முகங்கள்.
நாற்பதை எனக்கு நேரில் தெரியும்.
எழுதியவன்
என் கலியாணப் பந்தியில் பரிமாறியவன்.

எதிரே யோவன். அவனும் அந்தச் சனம்.
"என்ன எழுதியிருக்கு?"

படிவத்தில் ஒரு கட்டம்:
மொழிபெயர்ப்பு, உள்ளது உள்ளபடி.
முதல் சொல்லுக்கு ஜெர்மன் தேடவே இல்லை.
எண்பத்தாறில், டோர்ட்மண்ட் ஸ்டேஷனில்
என் சூட்கேஸை உதைத்தவன்
எனக்கென்று தந்துவிட்டுப் போன சொல்.
இத்தனை வருடம் அது
எனக்குள் துருப்பிடிக்காமல் கிடந்திருக்கிறது.

தட்டினேன். யோவன் படித்தான்.
"பதினொரு மொழியில் பார்த்தாயிற்று.
இது பன்னிரண்டு."
பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினான்.
ஆறுதலா, தண்டனையா,
இந்த வரி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியின் பதில் ஒன்பது நிமிடத்தில் வந்தது.
விதிமீறல் ஏதும் இல்லையாம்.
அங்கே தமிழ் படிக்க ஆளில்லை என்று அர்த்தம்.
மெர்வே பேசாமல் புகார்த் தாளை எடுத்தாள்.
அன்னெக்ரெட் அந்த வீட்டுக்கே போன் போட்டு
ராத்திரிக்குத் துணை வேண்டுமா என்று கேட்டாள்.
அவர்கள் ஆமென்று சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தலைக்குமேல் ரயில் போனது. கோப்பைகள் நடுங்கின.
அந்தப் பதிவின் கீழே
நாலு வரி எழுதி அழித்தேன்.
இரண்டாகச் சுருக்கி, அதையும் அழித்தேன்.
குறளொன்று கைக்கு வந்தது, வேண்டாமென்று விட்டேன்.
கடைசியில் மிஞ்சியது
என் பெயர், அப்பா பெயர்,
பிறகு இது:
"நீ எழுதியதை
நான்தான் மொழிபெயர்த்தேன்."