பத்து நொடிப் பக்கம்

உலுக்கல் நின்றதும்
"தூங்கிட்டார்" என்றாள் சுல்மா,
மாத்தே குடுவையை மடியில் இறுக்கியபடி.
மோந்தெவிதேயோவில் அதிகாலை மூன்று இருபது.
ஆற்றுக்காற்று சன்னலை விடுவதாயில்லை.

ஒமேரோவின் தலையில்
ஓட்டுநர் தொப்பி பதித்த தடம்.
அதன்மேலேயே பசை தடவி
இருபத்தொரு கம்பிகளை ஒட்டினேன்.

திரையில் தூக்கம் இல்லை.

ஒரு பக்கம் என்பது பத்து நொடி.
ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு முட்கள்.
எண்ணினேன்.
நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன்.
கைகால் ஓய்ந்த வீட்டுக்குள்
யாரோ கதவை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல் மருந்துக்கு இருபது.
இரண்டாவதுக்கு மறுபடியும் இருபத்திரண்டு.
நாற்பத்தேழாம் நிமிடம்
டாக்டர் எச்செவெர்ரி பேசாமல்
மூன்றாவதைத் திறந்தார்.

பதினான்கு.
ஒன்பது.
பிறகு நான்கே நான்கு,
நடுவில் நீளமாய்த் தட்டைக் கோடு.

சுல்மா எழுந்துவிட்டாள்.
தட்டைக் கோட்டுக்கு என்ன அர்த்தமென்று
படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.
"அது இதயம், அம்மா. இது வேறு.
இந்த வெறுமையைத்தான்
சொட்டுச் சொட்டாய் ஏற்றுகிறோம்."
என் விரலைப் பார்த்தாள், திரையைப் பார்க்கவில்லை.

குடுவையைச் சரித்தாள்.
வெந்நீர் எப்போதோ ஆறியிருந்தது.
அதையே குடித்தாள்.

அடுத்த பக்கம் வந்தது.
ஐந்து.