நகராத முள்

அந்தச் சனிக்கிழமை இரவு
நூக் நகரத்தில் பத்து ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு
நேராகப் பன்னிரண்டாம்.
இத்தோக்கோர்தூர்மீத் மருந்தகச் சுவரில்
முள் தன்பாட்டுக்கு வந்து பன்னிரண்டைத் தொட்டது.
வருடாவருடம் போல ஸ்டூல் மேல் ஏறி நின்றேன்
ஒரு மணி முன்னே தள்ள.
கையிலிருந்த சுற்றறிக்கையை இன்னொரு முறை படித்துவிட்டு
இறங்கினேன்.
இம்முறை நாங்கள் அசைய வேண்டாமாம்.
தலைநகரமே வருமாம்.

வந்தது, சத்தமில்லாமல்.
நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

முன்பெல்லாம் எங்களுக்கு இரண்டு மணி நேரம் சொந்தமாக இருந்தது.
போன குளிர்காலத்தில் ஒன்று.
காலை எட்டுக்கு நான் மருந்தகம் திறந்தால்
பத்து வரை போன் கிடந்து தூங்கும்.
அதற்குள் காயம் கழுவி, கட்டுப் போட்டு,
கஸ்தூரி மாட்டு வேட்டைக் கதை ஒன்றை முழுசாகக் கேட்டு
காபியும் குடித்துவிடலாம்.
கேட்க ஒரு மேலதிகாரியும் விழித்திருக்க மாட்டார்.
அதற்கு வட்டியாக
மாலை ஆறு வரை காத்திருப்போம்,
அங்கே நான்கடித்துக் கோட்டு மாட்டும் வரை.

நூக்கில் மூன்று வருடம் படித்தேன்.
அங்கே பேருந்துக்கு நேரம் உண்டு,
பேருந்தைத் திட்டுவதற்கும் ஆள் உண்டு.
லிஃப்டில் ஏறினால் எல்லோரும் எண்களையே பார்ப்பார்கள்.
தக்காளியை அழுத்திப் பார்த்து
வேண்டாமென்று வைத்துவிடுவார்கள்!
இங்கே கோடையில் கப்பல் வரும்போது
பள்ளிக்கூடமே கரைக்கு வந்துவிடும்.
பனி விலகினால்தான் கப்பல்.
பனிக்கு யார் சுற்றறிக்கை அனுப்புவது?

பழைய படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன:
இவ்விடத்து மணி, நூக் மணி.
புதியதில் ஒன்றுதான்.
நான் எழுதும் எண்ணை இனி யாரும் கழித்துப் பார்க்க மாட்டார்கள்.
பிழை குறையும். நல்லதுதான்.

ஆனால் நாசுங்குவாக்,
ஒன்பது வருடமாக மருத்துவமனையில் என் அழைப்பை எடுப்பவள்,
முகம் பார்த்ததில்லை,
"அங்கே மணி என்ன?" என்றுதான் ஆரம்பிப்பாள்.
தெரிந்தேதான் கேட்பாள்.
மணியைச் சொன்னால் வானத்தையும் சொல்ல வேண்டிவரும்,
வானத்துக்குப் பின்னால் காற்று,
ராத்திரி ஊரோரம் வந்துபோன கரடியின் தடம்,
அவள் மகனின் பல்.
இப்போது எடுத்ததும்
நோயாளி எண் கேட்கிறாள்.

நேற்று அபியாவின் மணிக்கட்டு.
சறுக்குவண்டி கவிழ்ந்து, வீங்கி,
அவனோ சிரித்துக்கொண்டே இருக்கிறான்.
படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.
இரண்டரைக்கு அழைத்தாள்.
எண் கேட்டாள், சொன்னேன்.
பிறகு கொஞ்ச நேரம் கோட்டில் வெறும் இரைச்சல்.

"இங்கே இப்போதுதான் உச்சி வெயில்," என்றாள்,
"மலைக்கு நேர் மேலே. அங்கே?"

சன்னலில் பார்த்தேன்.
எங்கள் உச்சி பன்னிரண்டரைக்கே கடந்துபோயிருந்தது.
கொடிக்கம்பத்தின் நிழல்
பனியில் சாய்ந்து, எண்ணெய் டாங்கியைத் தொட்டிருந்தது.
மணி ஒன்று.
பொழுது இரண்டு.
அந்த இரண்டு மணி நேரத்தை
யாரும் எடுத்துப்போகவில்லை,
சுவரிலிருந்து இறக்கி வெளியே வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

"எங்களுக்குச் சாய்ந்துவிட்டது," என்றேன்.
"மகனுக்கு அடுத்த பல்லும் விழுந்துவிட்டதா?"

விழுந்துவிட்டதாம்.
அபியாவுக்கு எலும்பு முறிவு இல்லையாம்.